கல்கத்தாவைக் காக்கும் கீழ்த்திசை ஏரிகள்

ஆண்டுதோறும் வெளிவரும் நம் சங்க மலருக்கு இம்முறை வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு காலங்கழிப்பவன் நான். பேரரசர்களின் வரலாற்றை எழுதும் புலமை எனக்கில்லை. ஆயினும் நமக்குச் சோறிட்டு வாழவைக்கும் இம்மாநகரைப் பற்றி, பல்லாண்டுகள் இங்கு வாழ்ந்தும் கருத்திற் கொள்ளாதிருந்த ஒரு செய்தியைக் காலங்கடந்து அறிந்துகொண்டேன். அதனை அறிந்த வகையும் சற்று வெட்கத்துக்குரியதே. அதனைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் வரலாற்றைக் காண்போம்.

2001ஆம் ஆண்டு முதல் இந்நகரின் பெயர் கொல்கத்தா என மாற்றப்பட்டுள்ளது. எனினும் நம் இல்லங்களில் இன்றும் வழங்கும் பழம் பெயரால் கல்கத்தா என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகின்றேன்.

காலையில் எழுந்து பல் துலக்குகிறோம், குளிக்கிறோம், துணி துவைக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம். அந்நீரெல்லாம் சாக்கடைத் துளை வழியே மறைந்துவிடுகின்றது. அது எங்கே போகின்றது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? "ஹூக்ளி ஆறு பக்கத்திலேயே ஓடுகிறதே, அதில்தான் போய் விழும்" என்றே நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். உண்மை அதுவன்று. நடுக்கல்கத்தாவின் கழிவுநீரில் பெரும்பகுதி ஆற்றுக்குப் புறங்காட்டிக் கிழக்கு நோக்கிச் செல்கின்றது. அங்கே அது மீனாகவும் கீரையாகவும் நெல்லாகவும் உருமாறி மீண்டும் நம் சமையலறைக்கே வந்து சேர்கின்றது. இந்த விந்தையைச் செய்து வருவோர் பெரிய பொறியியல் வல்லுநர் அல்லர். கிழக்குச் சதுப்பு நிலங்களில் வாழும் மீனவரும் உழவருமே ஆவர்.

நிலத்தின் சாய்வு

1690ஆம் ஆண்டில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகர் ஹூக்ளியின் கீழ்க்கரையில் வந்திறங்கினார். ஆழமான ஆறும் மேடான கரையும் வாணிகத்துக்கு ஏற்றவையாக அவருக்குத் தோன்றின. ஆற்றங்கரை மேடாயிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வெள்ளக் காலத்தில் ஆறு கரைமீறும்போது, கனத்த வண்டல் கரையோரத்திலேயே படிந்துவிடும். ஆகவே கரையோரம் உயர்ந்தும், அதற்கு அப்பாலுள்ள நிலம் தாழ்ந்தும் அமையும். கல்கத்தாவின் நிலம் இவ்வாறே மேற்கிலிருந்து கிழக்காகச் சாய்ந்து, முடிவில் உப்பேரிகள் என்று பெயர் பெற்ற பரந்த சதுப்பு நிலத்தில் சென்று இறங்குகின்றது. கடலின் ஏற்றநீர் வித்யாதரி என்னும் ஆற்றின் வழியே அச்சதுப்பில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தொடக்க காலத்தில் நகரத்தார் இச்சாய்வைப் பொருட்படுத்தவில்லை. சாக்கடைகளை ஆற்றை நோக்கியே வெட்டினர். நீர் மேட்டில் ஏறுமோ? தெருக்களிலேயே தேங்கி நாறியது. காய்ச்சலும் வாந்திபேதியும் மக்களை வாரிக்கொண்டு போயின. 1803இல் தலைமை ஆளுநராயிருந்த வெல்லெஸ்லி பிரபு, நகரின் வடிகால்கள் முறையற்றுக் கிடப்பதைக் குறிப்பெழுதிச் சீர்திருத்தத்துக்கு வழி கோலினார். 1836இல் காய்ச்சல் மருத்துவமனைக் குழு என்ற பெயரால் அமைந்த குழு நகரின் நலவாழ்வைப் பற்றி விரிவாக ஆராய்ந்தது. 1855இல் வில்லியம் கிளார்க் என்னும் பொறியாளர், நிலம் சாயும் திசையிலேயே கழிவுநீரைக் கொண்டு செல்லும் நிலத்தடிச் சாக்கடைத் திட்டத்தை வகுத்தார். 1859இல் தொடங்கிய வேலை பல ஆண்டுகள் நடைபெற்றது. அன்று முதல் கல்கத்தாவின் கழிவுநீர் கிழக்கே செல்லலாயிற்று.

குப்பை சுமந்த இருப்புப்பாதை

என் தொழிலுக்கு நெருங்கிய செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நகரின் குப்பையை அகற்றுதற்கென்றே நகராட்சிக்குச் சொந்தமான இருப்புப்பாதை ஒன்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு அமைந்தது. சர்க்குலர் சாலை வழியே குப்பை ஏற்றிய பெட்டிகள் கிழக்கேயுள்ள தாபா என்னுமிடத்துக்குச் சென்றன. சதுர மைல் என்றே பெயர் பெற்ற அந்நிலத்தில் நகரத்தின் குப்பை நாள்தோறும் கொட்டப்பட்டது.

கொட்டியதோடு கதை முடியவில்லை. 1880 வாக்கில் பவநாத் சென் என்பார் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குப்பையை எருவாகக் கொண்டு காய்கறி பயிரிடும் முறைக்கு வழிகாட்டினார். அக்காலத்துக் குப்பையில் ஞெகிழிப் பை இல்லை. பாட்டரிக் கட்டை இல்லை. காய்கறித் தோலும், சாம்பலும், சாணமும், வைக்கோலுமே இருந்தன. அவை மட்கிப் பொன் விளையும் மண்ணாயின. குப்பை மேட்டுப் பாத்திகளுக்கிடையே நீண்ட பள்ளங்களில் கழிவுநீரைத் தேக்கி, மண் குடங்களால் முகந்து உழவர் பயிருக்கு ஊற்றினர். காலிபிளவரும், முள்ளங்கியும், கீரை வகைகளும், மக்காச்சோளமும் அங்கே விளைந்தன; இன்றும் விளைகின்றன. நம் சங்கத்தில் புலால் உண்ணாத குடும்பங்கள் பல உண்டு. மீனோடு தங்களுக்குத் தொடர்பில்லை என்று அவர்கள் கருதலாம். ஆயினும் தாபாவின் காலிபிளவர் அவர்கள் வீட்டுக் குழம்பிலும் கொதித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மடிந்த ஆறும் பிறந்த தொழிலும்

கிளார்க்கின் திட்டம் வித்யாதரி ஆற்றை நம்பியிருந்தது. உப்பேரிகளில் ஏறும் கடல்நீர், இறங்கும்போது விசையோடு ஓடி ஆற்றின் அடியிலுள்ள வண்டலை அரித்துச் செல்லும். அவ்விசையே ஆற்றின் உயிர். ஏற்றநீர் பரவும் இடங்களைக் கரைகட்டி அடைத்தனர். குறுக்கும் நெடுக்கும் கால்வாய்கள் வெட்டினர். மேலிருந்து வரும் நன்னீரும் குன்றியது. நகரின் கழிவும் அதிலேயே படிந்தது. ஆறு ஆண்டுக்காண்டு மேடிட்டு, 1928இல் மடிந்த ஆறு என்று அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. மாநகரம் தன் வடிகாலை இழந்து திகைத்தது.

அந்நெருக்கடியில் கல்கத்தா மாநகராட்சியின் பொறியாளர் டாக்டர் பீரேந்திரநாத் தே என்பார், கிழக்கே நெடுந்தொலைவிலுள்ள குல்டி ஆறு வரை புதிய கால்வாய்களை வெட்டும் திட்டத்தை வகுத்தார். மழைநீருக்கு ஒன்று, நாள்தோறும் வரும் கழிவுநீருக்கு ஒன்று என இரு கால்வாய்கள் அமைந்தன. 1940களில் அத்திட்டம் நிறைவெய்தியது. கழிவுநீர் சதுப்பு நிலத்தின் நடுவே மட்டத்துக்கு மேலாக ஓடியமையால், பக்கத்துக் குளங்களுக்கு அதனை எளிதாகத் திறந்துவிட முடிந்தது.

ஆறு மடிந்ததால் உப்புநீர் வருகை நின்றது. உவர்நீர் மீன்களைப் பிடித்துப் பிழைத்த மீனவர் வாழ்விழந்து நின்றனர். அப்போதுதான் ஒரு துணிவான சோதனை நிகழ்ந்தது. 1930 வாக்கில் கழிவுநீரைக் குளத்தில் விட்டுச் சிலநாள் பொறுத்து மீன்குஞ்சுகளை விட்டுப் பார்த்தனர். மீன் செத்து மிதக்கவில்லை, கொழுத்து வளர்ந்தது. ஒருவர் செய்ததைக் கண்டு அடுத்தவர் செய்தார். கல்லூரிப் பாடமும் அரசாங்கக் கட்டளையும் இன்றி, தந்தை சொல்ல மகன் கற்றுத் தொழில் பரவியது. உலகில் கழிவுநீரால் மீன் வளர்க்கும் இடங்களுள் இதற்கு ஒப்பானதொன்று வேறில்லை என்று அறிஞர் கூறுவர்.

பேரி என்னும் குளம்

இக்குளங்களை வங்கத்தார் 'பேரி' என்பர். பரப்பில் பெரியவை, ஆழத்தில் மிகக் குறைந்தவை. இரண்டடி முதல் நான்கைந்து அடி வரையே நீர் நிற்கும். ஆழமின்மை குறையன்று, அதுவே இம்முறையின் உயிர்நாடி. கதிரவன் ஒளி அடிவரை செல்வதால் கண்ணுக்குத் தெரியாத பாசி நீர் முழுதும் செழிக்கின்றது. கழிவிலுள்ள பொருள்களை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அவ்வாறு பிரியும் சத்தைப் பாசி உண்கின்றது. பாசி பகலெல்லாம் உயிர்வளியை நீரில் கலக்கின்றது. அவ்வுயிர்வளியால் நுண்ணுயிர்களின் வேலை மேலும் விரைகின்றது. நோய்க்கிருமிகள் வெயிலிலும் மாறுபட்ட நீரிலும் மடிகின்றன. பாசி மிகுந்து அழுகாதபடி மீன்கள் அதனைத் தின்று வளர்கின்றன. கதிரவனும் பாசியும் மீனும் சேர்ந்து, மின்சாரமும் மருந்தும் இன்றிக் கழிவைத் தூய நீராக்குகின்றன.

மீனவரின் கைத்திறன் இதில் சிறிதன்று. குளிர்காலத்தில் குளத்தை வற்றச் செய்து, சேற்றைக் காயவிட்டு, உழுது, கரைகளைச் செப்பனிடுவர். பின்னர்க் கழிவுநீரைத் திறந்துவிட்டு, அது தெளியும் வரை வாரக்கணக்கில் காத்திருப்பர். முதலில் சில குஞ்சுகளை மட்டும் விட்டுச் சோதிப்பர். அவை பிழைத்தால் மற்றவற்றை விடுவர். ரோகு, கட்லா, மிர்கால், ஜிலேபிக் கெண்டை முதலியன இங்கு வளர்கின்றன. நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே எப்போது எவ்வளவு கழிவுநீர் விடலாம் என்று முதியவர் சொல்லிவிடுவர். கரையோரம் ஆகாயத்தாமரையை மூங்கில் கட்டித் தடுத்து வளர்க்கின்றனர். நம் ஊர்களில் நாம் சபிக்கும் அப்பூண்டு, இங்கே அலையடித்துக் கரை கரையாமல் காக்கின்றது. நீரிலுள்ள நச்சு உலோகங்களையும் ஓரளவு தன்னுள் இழுத்துக்கொள்கின்றது.

புறநகர் மின்சார வண்டிகளில் செல்லும் அன்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். அலுமினியப் பானைகளில் நீரோடு மீன்குஞ்சுகளை ஏந்திவரும் வணிகர், வண்டி ஓடும் நேரமெல்லாம் பானையை ஆட்டியும் நீரைக் கையால் தட்டியும் வருவர். இது விளையாட்டன்று. நீரில் காற்று கலவாவிடில் குஞ்சுகள் மூச்சு முட்டி மடிந்துபோம். நைஹாத்திப் பக்கத்துச் சந்தையிலிருந்து குஞ்சுகள் இவ்வாறே நெடுந்தொலைவு பயணம் செய்கின்றன. காரணம் அறியாத நான், நீர் தெளிக்கிறதே என்று பலமுறை முகஞ்சுளித்ததுண்டு.

இந்நிலங்களில் ஆண்டுக்குச் சுமார் 10,500 டன் மீனும், நாள்தோறும் சுமார் 150 டன் காய்கறியும் விளைவதாக ராம்சார் உடன்படிக்கைக் குறிப்புகள் கூறுகின்றன. ஏறத்தாழ 50,000 பேர் நேரடியாகவும், அதே அளவினர் சுற்றுவழியாகவும் இவற்றால் பிழைக்கின்றனர். சந்தைக்கு அருகிலேயே விளைவதால் ஏழைக்கும் மலிவாக உணவு கிட்டுகின்றது. கிழக்கு நோக்கிச் செல்லும் கழிவுநீரைத் துப்புரவு செய்யப் பெருஞ்செலவில் ஆலை கட்டும் சுமையும் மாநகருக்கு நேரவில்லை. மழைக்காலத்தில் வெள்ளத்தை ஏந்திக்கொள்ளும் தொட்டியும் இதுவே.

மண் நிரப்பிய காலம்

இத்தகைய நிலத்துக்கு இடையூறு நேர்ந்தது எவ்வாறு? 1947க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து பெருந்திரளான மக்கள் அகதிகளாய் வந்தனர். நகரம் மூச்சுத் திணறியது. மேற்கு வங்க முதலமைச்சராயிருந்த டாக்டர் விதான் சந்திர ராய், வடக்கு உப்பேரியை மேடாக்கிப் புதுநகர் அமைக்கத் துணிந்தார். 1962 ஏப்ரலில் வேலை தொடங்கியது. ஹூக்ளியின் அடியிலுள்ள மணலை நீரோடு கலந்து, பெரிய குழாய்கள் வழியே கொண்டுவந்து ஏரியில் நிரப்பினர். யுகோஸ்லாவிய நாட்டு நிறுவனம் ஒன்று அவ்வேலையை ஏற்றது. அதே ஆண்டு சூலை முதல் நாள் டாக்டர் ராய் மறைந்தார். அவர் பெயராலேயே அந்நகர் விதான்நகர் என வழங்குகின்றது. நம்மவர் பலர் அங்கே நல்ல வீடுகளில் வாழ்கின்றனர். அதனைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. வீடற்றோருக்கு வீடு வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆயினும் அங்கே மீன் பிடித்தவர் வாழ்வு என்னாயிற்று என்று அந்நாளில் கேட்டவர் சிலரே.

வடக்கு ஏரி நகரானதைக் கண்டு எஞ்சிய நிலத்தின் மீதும் பலர் கண் பதிந்தது. 1980களில் கிழக்குப் புறவழிச்சாலை அமைந்தபின் சதுப்பு நிலம் நகரின் வாசலுக்கே வந்துவிட்டது. குளமாயிருந்தால் ஒரு விலை. மேடானால் பன்மடங்கு விலை. இரவோடிரவாகக் குளங்கள் தூர்க்கப்படலாயின.

ஒரு பொறியாளரும் சில குடிமக்களும்

இவ்வேளையில் துருபஜோதி கோஷ் என்னும் பொறியாளர் முன்வந்தார். மாநில அரசின் பணியிலிருந்த அவர், 1980களின் தொடக்கத்தில், நகரின் கழிவுநீர் என்னாகின்றது என்பதை ஆராயப் புகுந்தார். அலுவலகத்தில் விடை கிட்டவில்லை. கால்வாய்க் கரையோடு நடந்தே சென்றார், பேரிகளைக் கண்டார், மீனவரோடு அமர்ந்து அவர்தம் அறிவைக் கற்றார். இது வெறும் சதுப்பன்று, மாநகரத்தின் துப்புரவுச் சாலை என்று கண்டு, எல்லை வகுத்து வரைபடம் இயற்றினார். இயற்கை தரும் மானியத்தால் வாழும் நகரம் கல்கத்தா என்பது அவர் கருத்து. 1990இல் ஐக்கிய நாடுகள் சபையின் குளோபல் 500 விருது அவருக்குக் கிடைத்தது. மீனவரைத் தம் ஆசிரியர் என மதித்த அப்பெரியார் 2018 பிப்ரவரியில் மறைந்தார்.

ஆராய்ச்சி மட்டும் குளத்தைக் காவாது, குடிமக்களும் எழுந்தனர். 'பப்ளிக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நகர மக்கள் அமைப்பொன்று 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தை நாடியது. உலக வாணிக மையம் ஒன்றை எழுப்புவதற்காக 227 ஏக்கர் சதுப்பு நிலத்தை மாற்றும் திட்டம் அப்போது எழுந்திருந்தது. வழக்கை விசாரித்த நீதியரசர் உமேஷ் சந்திர பானர்ஜி, அவ்வாண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தார். நாட்டுக்கு வளர்ச்சி வேண்டும். எனினும் சூழலைக் கெடுத்து அதனைப் பெறலாகாது என்ற நோக்கில், சதுப்பு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடைசெய்தார். கோஷ் இயற்றிய வரைபடமே எல்லையைக் காட்ட உதவியது. ஒரு பொறியாளரின் நடையும், சில குடிமக்களின் துணிவும், ஒரு நீதிபதியின் தெளிவும் சேர்ந்திராவிடில் இன்று அங்கே அடுக்குமாடிகளே நின்றிருக்கும்.

2002 ஆகஸ்டில் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்நிலம், ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முதன்மை வாய்ந்த நீர்நிலமாக ஏற்கப்பட்டது. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971இல் கையெழுத்தான உடன்படிக்கை அது. 2006இல் மேற்கு வங்கச் சட்டமன்றம் இந்நிலங்களைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி மேலாண்மை ஆணையமும் அமைந்தது. இவ்வளவு காப்பு இருந்தும் தூர்ப்போர் ஓயவில்லை. சட்டத்துக்குப் புறம்பான கட்டடங்களைப் பற்றிய வழக்குகள் அண்மை ஆண்டுகளிலும் உயர்நீதிமன்றத்துக்கு வந்துள்ளன.

கூட்டுறவின் வெற்றி

தென்கிழக்கு இருப்புப்பாதையின் தலைமை அலுவலகம் உள்ள கார்டன் ரீச் பகுதியில் பணிபுரியும் அன்பர்களுக்கு முதியாளி என்ற பெயர் புதிதன்று. துறைமுகத்துக்குச் சொந்தமான தாழ்ந்த நிலத்தில், ஆலைக் கழிவு கலந்த நீர் தேங்கி நாறிக் கிடந்த இடம் அது. 1960களில் அங்கிருந்த ஏழை மீனவர் கூட்டுறவுச் சங்கமாய் ஒன்றுசேர்ந்து அந்நிலத்தைப் பயன்படுத்தத் தலைப்பட்டனர். கழிவுநீரைச் சுண்ணாம்பிட்டும், நீர்ப்பூண்டுகள் வளர்ந்த வாய்க்கால்களில் மெல்ல ஓடவிட்டும், படிப்படியாகத் தெளியவைத்து மீன் வளர்த்தனர். கரையெங்கும் மரம் நட்டனர். பறவைகள் வந்து தங்கின. பின்னர் அது இயற்கைப் பூங்காவாகவும் புகழ்பெற்றது. நான் என் மக்களோடு அங்குச் சென்றபோது, ஆலைகளுக்கு இத்துணை அருகில் இப்படியொரு சோலையா என்று வியந்தேன். பல கைகள் சேர்ந்து கழிவைச் செல்வமாக்கியதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

என் அனுபவம்

இனி நான் முன்னர்க் குறித்த செய்தி. வாடகை வீட்டில் நெடுங்காலம் கழித்தவனுக்குச் சொந்த மனை வேண்டுமென்ற ஆசை இயல்பு. சில ஆண்டுகளுக்கு முன், தரகர் ஒருவர் புறவழிச்சாலைக்கு அப்பால் மனையொன்று காட்டினார். மற்ற இடங்களில் கேட்கும் விலையில் பாதிதான். என் மனைவியின் வளையல்களை அடகு வைத்து முன்பணமும் கொடுத்துவிட்டேன். கானிங் வழித்தடத்திலிருந்து நாள்தோறும் அலுவலகம் வரும் வங்க நண்பர் ஒருவர் இதனைக் கேட்டு, "தாதா, மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

சென்றேன். மனையின் பின்புறம் நீர் தளும்பி நின்றது. லாரிகள் இடிந்த கட்டடத்துச் செங்கலையும் காரையையும் நீரில் கொட்டிக்கொண்டிருந்தன. கரையில் வலையைத் தோளிலிட்டு ஒரு முதியவர் நின்றார். "இங்கே மனை வாங்கியிருக்கிறீர்களா, பாபு?" என்று அவர் கேட்டார். ஆமென்றேன். "நீங்கள் நிற்கும் இடத்தில்தான் என் தகப்பனார் வலை வீசுவார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விடை தோன்றவில்லை. முன்பணம் திரும்பவில்லை, வளையல்களை மீட்க இரண்டாண்டுகள் ஆயின. ஆனால் அன்றுதான் இவ்வரலாற்றை அறிய வேண்டுமென்ற எண்ணம் எனக்குப் பிறந்தது. குளத்தைத் தூர்ப்பவர் பேராசை கொண்ட செல்வர் மட்டுமே என எண்ணியிருந்தேன். மலிவான மனை தேடும் என்போன்ற எளியோரின் பணமும் அந்த லாரிகளுக்குக் கூலியாகின்றது என்பதை அன்று உணர்ந்தேன்.

தாயகத்தின் பாடம்

நம் தாயகத்திலும் இதே கதை நிகழ்ந்துள்ளது. சென்னையில் இன்று தியாகராய நகர் விளங்கும் பகுதியில் ஒருகாலத்தில் நீண்ட ஏரி பரந்திருந்தது. 1920களில் அதனை வற்றச்செய்து நகர் அமைத்தனர். ஏரி மறைந்தது, ஏரிக்கரைச் சாலை என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர்கள் மட்டும் அப்பக்கத்துத் தெருக்களில் எஞ்சின. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் குப்பைக்கும் இரையாயிற்று. 2015 டிசம்பரில் பெய்த பெருமழையில் தென்சென்னை நீரில் மூழ்கியதை நாமனைவரும் அறிவோம். அந்நாளில் நம் சங்கத்தார் பலர் உறவினரின் குரலைக் கேட்கத் தொலைபேசியோடு இரவெல்லாம் விழித்திருந்தோம். பின்னர் அங்கும் மக்கள் குரல் எழுந்தது. எஞ்சிய பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இழந்தபின் காத்தலினும், இருக்கும்போதே காத்தல் எளிது.

நாம் செய்யத்தக்கவை

பிழைக்க வந்த ஊரின் காரியங்களில் நமக்கென்ன என்று சிலர் கூறலாம். மூன்று தலைமுறையாக இவ்வூர் நீரைக் குடித்து, இவ்வூர்க் காய்கறியை உண்ட பின் அவ்வாறு கூறுதல் முறையன்று. பெருஞ்செயல் நம்மால் இயலாவிடினும் சிறுசெயல்கள் சில இயலும்.

முதலாவது, கிழக்குப் பகுதியில் மனையோ வீடோ வாங்கும் அன்பர்கள், அந்த மௌசா, அதாவது வருவாய்க் கிராமம், காப்பு எல்லைக்குள் உள்ளதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். காக்கப்பட்ட 37 மௌசாக்களின் பெயர்கள் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லட்டும். இதற்கு உதவ நானே முன்வருகின்றேன்.

இரண்டாவது, ஞெகிழிப் பையும் பாட்டரியும் குப்பையோடு கலந்து தாபாவுக்குச் செல்வதால் அம்மண் கெடுகின்றது, கால்வாய்களும் அடைபடுகின்றன. நம் இல்லங்களில் மட்கும் குப்பையைப் பிரித்து வைப்பது பெரிய வேலையன்று. நம் ஆண்டு விழா விருந்தில் வாழையிலையும் மண்குவளையும் பயன்படுத்தும் வழக்கத்தை விடாது காக்க வேண்டும்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை நம் பிள்ளைகளைச் சுற்றுலாவாகப் பேரிகளுக்கு அழைத்துச் செல்லலாம். விக்டோரியா மண்டபத்தைக் காட்டும் நாம், நம் கழிவுநீர் மீனாகும் இடத்தையும் காட்டவேண்டாமா? குளிர்காலக் காலையில் வலை இழுக்கும்போது வெள்ளி போல் துள்ளும் மீன்களைக் கண்ட பிள்ளை, வளர்ந்தபின் குளத்தில் மண் கொட்டச் சம்மதியாது.

குளம் வெட்டுவதைத் தலையாய அறமென்று கொண்ட மரபு நம்முடையது. வெட்டத்தான் நம்மால் இயலவில்லை. வெட்டிய குளம் தூர்ந்துபோகாமல் காக்கவேனும் துணைநிற்போம். அன்று வலையைத் தோளிலிட்டு நின்ற அம்முதியவரை மீண்டும் காண்பேனாயின், "பாபா, உங்கள் குளத்தைப் பற்றி எங்கள் மலரில் எழுதியிருக்கிறேன்" என்று சொல்ல விரும்புகின்றேன். அதற்கு அக்குளம் அங்கே இருக்கவேண்டும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்கத்தா!